கரடி, போலீஸ்காரர், பால் கணக்கு நோட்டு

கேள்வி: டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ நாவலை மூன்று தடவை எடுத்து, மூன்று தடவையும் முதல் விருந்தோடு மூடி வைத்துவிட்டேன். பெயர்கள்தான் மிரட்டுகின்றன. நீங்கள் எப்படி முடித்தீர்கள்? (வாசகி, கும்பகோணம்)

பதில்: கிண்டலடித்தே முடித்தேன் அம்மா. 1805 ஜூலையில் பீட்டர்ஸ்பர்கில் நடக்கிற அந்த விருந்து, அழைப்பில்லாமல் நுழைந்துவிட்ட கல்யாண வீடு மாதிரி. யார் மாப்பிள்ளை வீடு, யார் பெண் வீடு என்று புரிவதற்குள் பந்தி முடிந்துவிடும். நானும் ஒரு தடவை பின்வாசல் வழியாக ஓடியவன்தான்.

அடுத்த தடவை, பழைய பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தேன். ஆளுக்கொரு பட்டப்பெயர். பியர், ‘மூக்குக்கண்ணாடி’. பிள்ளைகளுக்குப் பணக்காரச் சம்பந்தம் தேடி அலையும் இளவரசர் வசீலி, ‘தரகர்’. அவர் மகள் எலென், ‘தோள்பட்டை’ (ஆசிரியரே அதை விட்டு நகர மாட்டேன் என்கிறார்).

நடுவில் வருவது அப்பா பெயர். நாம் இனிஷியலுக்குள் ஒளித்து வைப்பதை அவர்கள் முழுசாகக் கூப்பிடுகிறார்கள், அவ்வளவுதான். ஆந்த்ரேய் நிகொலாயெவிச் என்றால் நிகொலாய் மகன் ஆந்த்ரேய். தங்கை மரியா நிகொலாயெவ்னா. ஆந்த்ரேயின் பையனுக்குத் தாத்தா பெயர். நம் வீட்டு வழக்கம்தானே!

மொத்தம் 361 அத்தியாயம், பெரும்பாலும் சின்னச் சின்னது. ராத்திரி பால் காயும் நேரத்தில் ஒன்று முடியும். எனக்குப் பதினான்கு மாதம் ஆயிற்று. இரண்டு தடவை பால் பொங்கியது; அதுவும் நோட்டில் இருக்கிறது.

கேள்வி: உலகமே கொண்டாடும் நாவலைக் கேலி செய்வது மரியாதையா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: ஆரம்பித்து வைத்தவர் டால்ஸ்டாய்தான் ஐயா. குடித்துவிட்டுக் கூத்தடிக்கும் பியர் கோஷ்டி, ஒரு போலீஸ்காரரைக் கரடியின் முதுகோடு முதுகாகக் கட்டி மோய்க்கா ஆற்றில் விடுகிறது. கரடி நீந்துகிறது, போலீஸ்காரர் மேலே மல்லாந்து கிடக்கிறார். இதற்கு நான் என்ன கிண்டல் எழுத? ‘கரடி நிரபராதி’ என்று மட்டும் குறித்தேன்.

தோலகோவுடன் சீட்டாடி நிகொலாய் ரஸ்தோவ் தோற்பது 43,000 ரூபிள். ஏன் 43? தோலகோவ் வயதையும் சோனியா வயதையும் கூட்டினால் அதுதான். நிகொலாயை மனதில் வைத்துக்கொண்டு, தோலகோவைக் கட்டிக்கொள்ள வேண்டாமென்று சொன்னவள் சோனியா. பழி வாங்குவதிலும் கணக்குப் பிள்ளை!

ஆனால் ஒன்று சொல்கிறேன். ஆந்த்ரேயின் மனைவி லிசாவுக்கு மேலுதடு கொஞ்சம் கட்டை, அதில் லேசாக மீசை அரும்பியிருக்கும். அவள் வரும்போதெல்லாம் அந்த உதடும் வந்துவிடும். நான் ‘மேலுதடு’ என்று தலைப்புப் போட்டு, பால் பாக்கெட்டுக்குக் கோடு போடுகிற மாதிரி, வரும் போதெல்லாம் ஒரு கோடு போட்டுவந்தேன். ஆஸ்டர்லிட்ஸ் போரில் இறந்துவிட்டான் என்று வீட்டார் நினைத்த ஆந்த்ரேய், அவளுக்குப் பிரசவ வலி எடுத்த ராத்திரியே வீடு வந்து சேர்கிறான். அவள் பிழைக்கவில்லை. கட்டிலில் கிடக்கும் முகத்தில் அதே உதடு, அதே பூனைமுடி. ‘உங்களுக்கெல்லாம் நான் என்ன கெடுதல் செய்தேன்’ என்று கேட்கிற மாதிரி ஒரு முகம். பேனாவை எடுத்தேன், வைத்துவிட்டேன். அந்தப் பக்கத்தில் ஒரு கோடு குறைவுதான்.

கேள்வி: முடிவுரையின் இரண்டாம் பாகத்தைப் படித்தே ஆக வேண்டுமா? (வாசகர், சேலம்)

பதில்: கதை முடிந்த பிறகு, சரித்திரத்தை நடத்துவது யார் என்று பன்னிரண்டு அத்தியாயப் பிரசங்கம் அது. ஆஸ்டர்லிட்ஸுக்கு முந்தின ராத்திரி, போர்த்திட்டத்தை நீட்டி முழக்கி வாசிக்கும்போது தளபதி குட்டுசோவ் நிஜமாகவே தூங்கிவிடுவார். அந்தப் பன்னிரண்டுக்கும் சேர்த்து என் நோட்டில் ஒரே வரி: ‘நான் குட்டுசோவ் கட்சி.’