அப்பாவின் 'டைப்' அப்படியா?

கேள்வி: என் கணவர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து மார்ச் மாதம் ஓய்வு பெற்றார். திருச்சி வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, கோவைக்கு மகன் வீட்டோடு போகப்போகிறோம். நான் பாதி சாமானைக் கட்டிவிட்டேன். இவர் வாயே திறப்பதில்லை. பழைய ரசீதுகளைப் பிரித்துப் பிரித்து அடுக்கிக்கொண்டிருக்கிறார். மனிதர்களை 16 வகையாகப் பிரிக்கும் பர்சனாலிட்டி டெஸ்ட் ஒன்றை மகன் அவருக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "அப்பா டைப் அப்படி, மாறமாட்டார்" என்கிறான். நிஜமா?
- வாசகி, திருச்சி

பதில்: அந்த 16 வகை, சுவிஸ் மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921-ல் முன்வைத்த கருத்துகளை வைத்து அமெரிக்காவில் ஒரு தாயும் மகளும் உருவாக்கியது. அதே டெஸ்ட்டைச் சில வாரம் கழித்து எழுதினால் பலருக்கு வேறு வகை வருகிறது. அதை வைத்து ஒருவரின் மிச்ச வாழ்க்கையைத் தீர்மானிப்பது ரொம்ப அதிகம்.

ஆய்வாளர்கள் பெரிதும் பயன்படுத்துவது ஐந்து குணங்களை அளக்கும் முறை: புதுமை நாட்டம், ஒழுங்கு, கலகலப்பு, இணக்கம், பதற்றம். எல்லோரிடமும் ஐந்தும் உண்டு, அளவுதான் வேறு. உங்கள் கடிதத்தை வைத்துச் சொன்னால், சாருக்கு ஒழுங்கு கூடுதல், கலகலப்பு குறைவு. இப்படிப்பட்டவர்களுக்கு வேலை என்பது சம்பளம் மட்டும் இல்லை, அன்றாடத்தின் அட்டவணையே அதுதான். அது போனதும் கைக்குக் கிடைத்ததை ஒழுங்குபடுத்துகிறார்கள். அந்த ரசீதுகள்தான் அவர் சமாளிக்கும் விதம் என்று நினைக்கிறேன். நீங்கள் சாமான் கட்டிச் சமாளிக்கிறீர்கள். சத்தம் வருவதால் உங்களுடையது மட்டும் கண்ணில் படுகிறது!

அவருக்கு வந்த மாற்றமும் ஒன்றல்ல. 1967-ல் ஹோம்ஸ், ரஹே என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள் 43 வாழ்க்கை நிகழ்வுகளுக்கு, ஒவ்வொன்றும் மனசுக்கு எவ்வளவு பாரம் என்று மதிப்பெண் கொடுத்தார்கள். கல்யாணத்துக்கு 50, பணி ஓய்வுக்கு 45, வீடு மாறுவதற்கு 20. நல்லது நடந்தாலும் பாரம்தான். சாருக்கு ஓய்வும் வீடு மாற்றமும் சில மாத இடைவெளியில் சேர்ந்து வருகின்றன.

அதனால் அவரை வாக்கிங் கோஷ்டியில் சேர்த்துவிடுவது, "நாலு பேரோடு பேசுங்க" என்று நச்சரிப்பது எல்லாம் இப்போது வேண்டாம். அது உங்களுக்குப் பொருந்தும் மருந்து. கிளம்பும் தேதியை முன்கூட்டியே முடிவுசெய்து சொல்லிவிடுங்கள். கேஸ் இணைப்பு, ரேஷன் கார்டு, ஆதாரில் முகவரி மாற்றம், பென்ஷன் வரும் வங்கிக் கிளை, வாடகை ஒப்பந்தம்... இந்த வேலைகளை மொத்தமாக அவரிடம் விடுங்கள். நடுவில் புகுந்து "நான் பார்த்துக்கிறேன்" என்று வாங்கிக்கொள்ளாதீர்கள். கோவை வீட்டில் எந்த அறை, மேஜை எங்கே என்பதையும் அவரே முடிவு செய்யட்டும். முடிந்தால் சாமான் போகுமுன் ஒரு வாரம் அங்கே தங்கிவிட்டு வாருங்கள்.

ஒன்றை மட்டும் 'குணம்' என்று விட்டுவிடாதீர்கள். தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பே இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இலவசமாகவே தமிழில் பேசலாம்.

அப்புறம் உங்கள் மகன். டெஸ்ட் முடிவை அப்பா காதுபடச் சொல்வதை நிறுத்தச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் கோவையில் ரேஷன் கடை எது, பக்கத்து நூலகம் எங்கே என்று விசாரித்து அப்பாவிடம் சொன்னால் உபயோகமாக இருக்கும்.