ஜான் ஆபிரகாமின் திரைவாழ்வு: கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாம் திரைத்துறைக்கு வந்தது எப்படி?

பதில்: 1937இல் பிறந்த அவர், ஆயுள் காப்பீட்டுக் கழக வேலையை விட்டுவிட்டுப் புனே திரைப்படக் கல்லூரியில் சேர்ந்து, வங்காள இயக்குநர் ரித்விக் கட்டக்கிடம் பயின்றார். பின்பு இயக்குநர் மணி கௌலின் ‘உஸ்கி ரோட்டி’ என்ற இந்திப் படத்தில் உதவியாளராக இருந்தார். முதல் படம் 1972இல் வந்தது.

கேள்வி: அவர் இயக்கிய ‘அக்ரஹாரத்தில் கழுதை’ தேசிய விருது பெற்ற தமிழ்ப்படம். அது ஏன் பரவலாகப் போய்ச் சேரவில்லை?

பதில்: வெங்கட் சாமிநாதன் எழுதி 1977இல் வந்த அந்தப் படத்தில், தாயற்ற கழுதைக்குட்டி ஒன்றைப் பேராசிரியர் ஒருவர் அக்ரஹாரத்துக்குக் கொண்டுவந்து வாய்பேசாத பெண்ணிடம் ஒப்படைக்கிறார். இறந்து பிறந்த சிசு ஒன்று கோயில் முன்னால் கிடக்க, பழி கழுதைமேல் விழுகிறது. அடித்தே கொன்றவர்கள், பிற்பாடு அற்புதங்கள் நடப்பதாக நம்பி அதையே வணங்கத் தொடங்குகிறார்கள். எதிர்ப்பு கிளம்பாமல் இருக்குமா? தூர்தர்ஷன்கூட ஒளிபரப்பப்போவதாக அறிவித்துவிட்டுப் பின்வாங்கியது. தமிழில் எடுக்கப்பட்ட மிகத் துணிச்சலான படங்களில் ஒன்றைத் தமிழர்களே பார்க்க முடியாமல் போனது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

கேள்வி: மொத்தம் எத்தனை படங்கள்?

பதில்: முழுநீளப் படங்கள் நான்கே. 1987 மே 31 அன்று கோழிக்கோட்டில் ஒரு கட்டடத்தின் மேலிருந்து விழுந்து இறந்தார்.

கேள்வி: ஜான் தொடங்கிய ‘ஒடேசா’ என்ற திரைப்படக் கூட்டமைப்பு பணம் திரட்டிய விதத்தை விளக்க முடியுமா?

பதில்: அவருடைய சுதந்திரத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. படம் எவ்வளவு புதுமையாக இருந்தாலும், முதல் போட்டவர் ஒருவர் இருக்கும்வரை இறுதிச் சொல் அவருடையதுதான் என்பதை உணர்ந்து, 1984இல் நண்பர்களோடு இந்தக் கூட்டமைப்பைத் தொடங்கினார். ஊர் ஊராகச் சென்று சாப்ளினின் ‘தி கிட்’ போன்ற படங்களைத் திரையிட்டு, பார்த்தவர்களிடம் இயன்றதைப் பெற்றார்கள். அந்தச் சில்லறைக் காசில்தான் 1986இல் ‘அம்மா அறியான்’ உருவானது. திரையரங்குகளை நம்பியிராமல் அதையும் மக்களிடமே எடுத்துச் சென்று காட்டினார்கள்.

கேள்வி: குறும்படம் எடுக்க முயலும் நான் முதலில் எதைப் பார்க்கலாம்?

பதில்: ‘அம்மா அறியான்’ பாருங்கள். டெல்லிக்குப் புறப்பட்ட புருஷன் என்ற பெயருடைய இளைஞன், வழியில் ஒரு தபலா கலைஞனின் சடலத்தைப் பார்க்கிறான்; மகன் தற்கொலை செய்துகொண்ட சேதியைக் கொச்சியிலுள்ள தாயிடம் சொல்ல, பயணத்தை மாற்றிக்கொள்கிறான். ஊருக்கு ஊர் இறந்தவனை அறிந்தவர்கள் ஒவ்வொருவராக உடன் சேர்ந்துகொள்கிறார்கள். சொல்ல வேண்டிய சேதி ஒன்றுதான், சுமந்து போகிறவர்கள் மட்டும் பெருகிக்கொண்டே போகிறார்கள். நட்சத்திரமோ அரங்க அமைப்போ இல்லாமல், நடந்துபோகும் மனிதர்களை வைத்தே ஒரு தலைமுறையின் அரசியலைச் சொல்லிவிடுகிற அந்தக் கட்டமைப்பைக் கவனித்துப் பாருங்கள்.