முதியோர் இல்லத்தில் ஆக்சிஜன்: வாசகர் கேள்விகள்

சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) உள்ள பெரியவருக்கு ஆக்ஸிமீட்டரில் 90 தான் நிற்கிறது. 98 வரும்வரை ஆக்சிஜன் ஃப்ளோவைக் கூட்டலாமா? (மஞ்சக்குப்பம்)

கூடாது. இவர்களுக்குப் பொதுவாக இலக்கே 88 முதல் 92 வரைதான். மருத்துவர் எழுதித் தந்த அளவை கட்டில் தலைமாட்டில் ஒட்டி வையுங்கள். அதிகமாகக் கொடுத்தால் சிலருக்கு ரத்தத்தில் கரியமில வாயு ஏறும். காலையில் தலைவலி, எழுப்பினாலும் கண்ணயர்வு, நீட்டிய கை படபடப்பது எல்லாம் அதன் அறிகுறிகள். அப்போது பயந்து ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள், அதுவும் ஆபத்து. அளவு 88–92க்குள் நிற்கும்படி ஃப்ளோவைக் குறைத்துவிட்டு 108ஐ அழையுங்கள்.

சாதாரண ஆக்சிஜன் மாஸ்க்கை நிமிடத்துக்கு 5 லிட்டருக்குக் கீழே ஓட்டினால் விட்ட மூச்சையே திரும்ப இழுப்பார்கள். 1, 2 லிட்டருக்கு மூக்குக் குழாய்தான். விரல் சில்லிட்டிருந்தாலோ நகத்தில் மருதாணி இருந்தாலோ எண்ணை உடனே நம்பாமல், கையைச் சூடாக்கி வேறு விரலில் பாருங்கள்.

புயல் நேரத்துக்கு எத்தனை சிலிண்டர் வேண்டும்? (தேவனாம்பட்டினம்)

2011 தானே புயலுக்குப் பிறகு கடலூரில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அதை மனதில் வைத்துக் கணக்குப் போடுங்கள். 'பி' டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் பன்னிரண்டரை மணி நேரம், அதாவது ஒருவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு சிலிண்டர். நிரம்பியபோது 150 காட்டும் அழுத்த மீட்டர் 50க்கு இறங்கினால் மிச்சம் 500 லிட்டர், சுமார் நாலு மணி நேரம்தான் வரும். அப்போதே அடுத்ததைத் தயார் செய்யுங்கள்.

5 லிட்டர் கான்சென்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மின்கருவி) 300–350 வாட் இழுக்கும். 150 ஏஎச் பேட்டரி ஒன்று, ஃபேன், லைட் எதுவும் ஓடாமலே, மூன்று மணி நேரம் தாங்கினால் பெரிது. சைன் வேவ் இன்வெர்ட்டராகவே வாங்குங்கள்.

சிலிண்டரைச் சங்கிலியால் சுவரோடு கட்டுங்கள். வால்வை மெல்லத் திறக்க வேண்டும். எண்ணெய்க் கையோடு ரெகுலேட்டரைத் தொடவே கூடாது.

மூக்கு காய்ந்துபோகிறது, தேங்காய் எண்ணெய் தடவலாமா? அறையில் சாமி விளக்கு ஏற்றலாமா? (வில்லியனூர்)

இரண்டும் வேண்டாம். நீர் கலந்த ஜெல் மருந்துக் கடையில் கிடைக்கும், அதைத் தடவுங்கள். விளக்கு, ஊதுபத்தி, கொசுவர்த்தி எல்லாம் பக்கத்து அறைக்குப் போகட்டும். ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் ஓடும் குழாயைக் கழற்றிப் படுக்கையில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் போர்வை முழுக்க அது ஊறிவிடும், பிறகு ஒரு பொறி போதும். கழற்றினால் உடனே மூடுங்கள்.

ஆக்சிஜனை ஈரப்படுத்தும் பாட்டிலில் கேன் தண்ணீர் ஊற்றலாமா? குமிழி வரவில்லையே? (லாஸ்பேட்டை)

டிஸ்டில்டு வாட்டர் மட்டும், கோட்டைத் தாண்டாமல். தினமும் கொட்டிக் கழுவி மாற்றுங்கள். 4 லிட்டருக்குக் கீழே பெரும்பாலும் பாட்டிலே தேவைப்படாது. குமிழி வராவிட்டால் முதலில் மூடியைப் பாருங்கள்: மரை ஏறாமல் சாய்வாகப் பூட்டியிருப்பார்கள். விசில் சத்தம் கேட்டால் பாட்டிலுக்கு அப்பால் குழாய் எங்கோ மடங்கியிருக்கிறது, பெரும்பாலும் கட்டில் காலுக்கடியில்.