பொல் ரொட்டி ஏன் கல் போல் இறுகுகிறது? லுணு மிரிஸ் எப்படிச் செய்வது?

பெரும்பாலும் தேங்காய் குறைந்திருக்கும். இலங்கையில் பொல் ரொட்டியைத் தேங்காய் ரொட்டி என்றும் சொல்வார்கள். தேங்காய்தான் இதற்கு மென்மை தருகிறது. 2 கப் கோதுமை மாவுக்கு 1 கப் புதிதாகத் துருவிய தேங்காய்ப்பூ, உப்பு போட்டு, வெதுவெதுப்பான நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசையுங்கள். சப்பாத்திக்குப் போல அடித்துப் பிசைய வேண்டாம். 20 நிமிடம் மூடி வைத்து, அரை சென்டிமீட்டர் கனத்துக்குக் கையாலேயே தட்டி, மிதமான தீயில் சுடுங்கள். தீ கூடினால் வெளியே கருகி, உள்ளே மாவாகவே நிற்கும்.

ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் காரச் சம்பல்தான் லுணு மிரிஸ்; சிங்களத்தில் உப்பு, மிளகாய் என்று பொருள். காய்ந்த மிளகாயை உப்போடு முதலில் இடித்து, அப்புறம் சின்ன வெங்காயம், மாசித்தூள் (காய்ந்த சூரை மீன் தூள்) சேர்த்து ஒன்றிரண்டாக நசுக்குங்கள். கடைசியில் எலுமிச்சைச் சாறு. தயவுசெய்து மிக்ஸியில் விழுதாக்காதீர்கள், வெங்காயம் கசந்துவிடும்.