மஞ்சள், திங்கட்கிழமை இருமல், பெருந்துறைக் காற்று: மருத்துவக் கல்லூரிக் கேள்விகளுக்குப் பதில்

முப்பது வருடம் மருத்துவக் கல்லூரிகளில் பாடம் எடுத்துவிட்டு ஈரோட்டில் உட்கார்ந்திருக்கிறேன். கல்லூரி திறக்கும் சமயம் என்றால் கேள்விகள் குவியும். அவற்றில் சில இங்கே.

ஐயா, அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் மகளுக்கு எம்.பி.பி.எஸ். கிடைத்திருக்கிறது. தமிழ் வழியில் படித்தவள். முதல் வருடமே பிணத்தை அறுக்கணுமாமே, ராத்திரி தூக்கம் வரமாட்டேன் என்கிறது. (பவானி)

அவளுக்கா, உங்களுக்கா? 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்த பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவை அரசே ஏற்கிறது. அந்தக் கவலை வேண்டாம். ஆரம்பத்தில் அடிப்படைப் பயிற்சி என்று ஒன்று நடக்கும். ஆங்கிலம், கணினி எல்லாம் அதில் உண்டு, அதைத் தவறவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். உடற்கூறு அறையில் பயமுறுத்துவது பிணம் அல்ல, அது கெடாமலிருக்கப் போடும் ஃபார்மலின் மருந்தின் நெடி. கண் எரியும், மூக்கில் ஒழுகும். வெறும் வயிற்றோடு போனால் மயக்கம் வரும், சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். முதல் வாரம் மெஸ் இட்லியிலும் அந்த வாடைதான் அடிக்கும். அப்புறம் பழகிவிடும். எலும்பு செட், தடிப் புத்தகங்கள் எல்லாம் சீனியர்களிடம் பாதி விலைக்குக் கிடைக்கும், இப்போதே வாங்கிக் குவிக்காதீர்கள். ராகிங் நடந்தால் பொறுத்துப்போகச் சொல்லாதீர்கள். தமிழ்நாட்டில் 1997 முதல் அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. தேசிய உதவி எண் 1800-180-5522.

சார், இரண்டாம் வருடம் படிக்கிறேன். ஐ.சி.எம்.ஆர். குறுகிய கால ஆராய்ச்சிக்கு விண்ணப்பிக்க ஆசை. நல்ல தலைப்பு சொல்லுங்கள். (கோவை)

தலைப்பைக் கடன் வாங்காதே கண்ணு. ஐ.சி.எம்.ஆர்., அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாணவர்களுக்காக 1979 முதல் நடத்துகிற திட்டம் அது. கையில் இருப்பது இரண்டே மாதம், அதற்குள் முடிகிற கேள்வியாக இருக்க வேண்டும். கூகுள் ஃபாரத்தை வகுப்பு வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டு 'மாணவர்களிடையே மன அழுத்தம்' என்று எழுதுவது வேண்டாம். உன் நண்பர்கள் பாவம், வருடத்துக்கு நாற்பது முறை அதே கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள்.

கல்லூரி வாசலிலிருந்து நாலாபக்கமும் பார். நூற்பாலையில் பஞ்சுத் தூசியைச் சுவாசிக்கிறவர்களுக்குப் பிசினோசிஸ் என்று ஒரு நோய் வரும். ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கட்கிழமை ஷிஃப்டுக்குப் போனதும் நெஞ்சை இறுக்கும், வாரம் போகப் போகக் குறையும். பஞ்சோடு ஒட்டிவரும் பாக்டீரியா நச்சுக்கு இதில் பெரிய பங்கு. ஊதிப் பார்க்கும் பீக் ஃப்ளோ மீட்டரோடு ஐம்பது தொழிலாளர்களை ஷிஃப்டுக்கு முன்னும் பின்னும், திங்களும் வியாழனும் அளந்தால் போதும், அதுவே ஒரு நேர்த்தியான ஆய்வு. மில்லின் அனுமதியும் நெறிமுறைக் குழு ஒப்புதலும் வாங்கத்தான் நாளாகும், இப்போதே தொடங்கு.

இன்னொன்று. நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் ஆயுத பூஜைக்காக ஃப்ரீசரைத் துடைத்துப் பொட்டு வைத்தவர்கள், பிளக்கைத் திரும்ப மாட்ட மறந்துவிட்டார்கள். நான்கு நாள் விடுமுறை. 84 ரத்த மாதிரி போச்சு. பிளக் மேல் ஒரு சீட்டு ஒட்டிவை.

ஆஸ்பத்திரிக்குச் சர்க்கரை வியாதிக்குப் போனால், ஒரு டாக்டர் புள்ளை பத்துப் பக்கத் தாளை நீட்டி ஆராய்ச்சியில் சேரச் சொல்கிறது. நாங்கள் என்ன சோதனை எலியா? (திருப்பூர்)

கோபம் நியாயம்தான், ஆனால் முதலில் எந்த மாதிரி ஆராய்ச்சி என்று கேளுங்கள். கேள்வி கேட்டு ஒரு குழாய் ரத்தம் எடுப்பது வேறு, புது மருந்தைக் கொடுத்துப் பார்ப்பது வேறு. மருந்துச் சோதனை என்றால் சி.டி.ஆர்.ஐ. என்கிற தேசியப் பதிவேட்டின் எண் இருக்க வேண்டும், 2009 ஜூன் முதல் அது கட்டாயம். சோதனையால் உடம்புக்கு ஏதாவது ஆனால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்று 2019ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. எந்த ஆராய்ச்சியாக இருந்தாலும் தாள் உங்களுக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பேசிவிட்டு வரலாம், மாட்டேன் என்றும் சொல்லலாம், பாதியில் விலகலாம். அதற்காக உங்கள் வைத்தியத்தில் ஒரு மாத்திரைகூடக் குறையக் கூடாது.

இதையெல்லாம் பார்க்கும் நெறிமுறைக் குழுவில் சட்டம் தெரிந்தவரும், மருத்துவம் படிக்காத ஒருவரும் இருந்தாக வேண்டும். நான் இருந்த குழுவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் இருந்தார். ஒரு படிவத்தில் 'குறுக்கீடு அளிக்கப்படும்' என்று இருந்தது. 'குறுக்கே யாருங்க வர்றது?' என்று கேட்டார். 'மருந்து கொடுப்போம்' என்று மாற்றிய பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

ஏனுங்க ஐயா, மூன்று ஏக்கர் மஞ்சள் போட்டிருக்கிறேன். மஞ்சள் புற்றுநோயைக் கொல்கிறதென்று பல்கலைக்கழகங்களில் கண்டுபிடித்துவிட்டார்களாம். பின்னே ஏன் டாக்டர்கள் எழுதித் தருவதில்லை? (சிவகிரி)

தட்டில் வளர்த்த புற்றுச்செல் மேல் மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற பொருளை ஊற்றினால் சாகிறது, உண்மைதான். பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றினாலும் சாகும். மஞ்சளில் குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதம்தான். தின்றால் குடல் அதைச் சரியாக உறிஞ்சுவதில்லை, உறிஞ்சியதையும் கல்லீரல் சீக்கிரமே மாற்றி வெளியே தள்ளிவிடுகிறது. 1998இல் பெங்களூரில் 2 கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் சேர்ந்தது 2000 சதவீதம் கூடியது. விளம்பரத்தில் எல்லாம் வருவது அந்த எண்தான். ஆனால் அரைக்காசை இருபதால் பெருக்கினாலும் பத்துக்காசுதானே?

இன்னொரு வம்பு, மஞ்சள் வேட்டியில் கறை ஏற்றுகிற மாதிரியே சோதனைக் கருவியையும் ஏமாற்றும். அதன் நிறமும் ஒளிர்வும் இல்லாத பலனை இருப்பதாகக் காட்டிவிடும். 2017இல் ஒரு வேதியியல் குழு, அதுவரை நடந்த 120க்கும் மேற்பட்ட மனிதச் சோதனைகளை வைத்து, முறையாக நடந்த ஒன்றுகூட வெற்றி இல்லை என்று எழுதியது. காப்ஸ்யூலாக விழுங்கிக் கல்லீரல் வீங்கியவர்கள் பற்றியும் மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது. குழம்பு மஞ்சளுக்கு அந்தப் பயம் இல்லை.

உங்கள் பயிருக்கு ஒரு பெருமையும் உண்டு. புண்ணுக்கு மஞ்சள் பூசுவதைத் தங்கள் கண்டுபிடிப்பு என்று அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் 1995இல் காப்புரிமை வாங்கியது. நம் அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். பழைய நூல்களைக் காட்டி வழக்காடி, 1997இல் அதை ரத்து செய்யவைத்தது.

பெருந்துறை மருத்துவக் கல்லூரி அந்தக் காலத்தில் டி.பி. ஆஸ்பத்திரி என்று எங்கள் அப்பாரு சொல்வார். ஊருக்கு வெளியே பொட்டல் காட்டில் ஏன் கட்டினார்கள்? (காஞ்சிக்கோயில்)

அப்பாரு சொன்னது சரி. காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்தில் நல்ல காற்று, ஓய்வு, சாப்பாடு, அவ்வளவுதான் வைத்தியம். பெருந்துறையின் வறண்ட காற்று அதற்கு ஏற்றது என்று நம்பினார்கள். வீட்டைவிட்டு மாதக்கணக்கில் அங்கே கிடக்க வேண்டும்.

அதை மாற்றியது சென்னையில் நடந்த ஆய்வு. 1956இல் தொடங்கி, 193 ஏழை நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் பிரித்து, பாதிப்பேரைச் சானடோரியம் எனப்படும் காசநோய் ஆஸ்பத்திரியிலும் மீதிப்பேரை அவரவர் நெரிசலான வீட்டிலும் வைத்து, ஒரே மாத்திரைகளை ஒரு வருடம் கொடுத்தார்கள். வீட்டிலிருந்தவர்களுக்குச் சாப்பாடும் ஓய்வும் குறைவு, ஆனாலும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள். கூட இருந்த குடும்பத்துக்கும் தொற்று கூடவில்லை. 1959இல் முடிவு வந்தது. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் காலியாக அது ஒரு முக்கியக் காரணம். என்னைக் கேட்டால், தமிழ்நாட்டில் நடந்த மருத்துவ ஆராய்ச்சிகளிலேயே இதற்கு ஈடாக இன்னொன்று இல்லை.

அப்படியானால் சாப்பாடு முக்கியமில்லையா என்றால், அதுதான் வேடிக்கை. ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பத்துக்கு மளிகை கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023இல் வந்தது. அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது. வந்த நோயை மாத்திரை குணமாக்கும், வராமலிருக்க வயிறு நிறைய வேண்டும். பெருந்துறைக்கு வருவோம்: 1992இல் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் (ஐ.ஆர்.டி.) கல்லூரியாக வந்த அந்த ஆஸ்பத்திரி வளாகம் இப்போது அரசுக் கல்லூரி.

பட்டம் எங்கள் கல்லூரி பெயரில் வருமா? (கரூர்)

வராது. அரசுக் கல்லூரி என்றால் கிண்டியிலுள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும்.

தாத்தா தன் உடலைக் கல்லூரிக்குக் கொடுக்கச் சொல்கிறார். அத்தைகள் சண்டைக்கு வருகிறார்கள். (கோபி)

தாத்தா எழுதி வைத்தாலும் கடைசியில் உடலை ஒப்படைப்பது வீட்டார்தான், அதனால் அத்தைகளைச் சமாதானப்படுத்துவதுதான் முதல் வேலை. சீர், சடங்கெல்லாம் வீட்டில் முடித்துவிட்டே கொடுக்கலாம். முதல் நாள் மாணவர்கள் அந்த உடலின் முன் நின்று உறுதிமொழி எடுத்த பிறகுதான் கத்தியைத் தொடுவார்கள், அதை அவர்களிடம் சொல்லுங்கள். கண்ணை ஆறு மணி நேரத்துக்குள் தனியாகத் தானம் செய்யலாம். பிரேதப் பரிசோதனை ஆன உடலையும் சில தொற்றுநோய் உள்ள உடலையும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உடற்கூறியல் துறையில் படிவம் வாங்கி, நெருங்கிய உறவினர் இருவரைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். ஒரு ஜெராக்ஸ் பெரிய அத்தையிடமும் இருக்கட்டும்.