கழிப்பறைச் செருப்பும் கைச்சைகையும்: தாய்லாந்து புறப்படும் ஒரு குடும்பத்துக்கு

கேள்வி: சென்ற ஆண்டு நானும் கணவரும் மாமியாரும் 11 வயது மகனும் 6 வயது மகளுமாக ஜப்பான் போய் வந்தோம். உணவகத்தில் கணவர் மேசை மீது டிப்ஸ் வைத்தார். பரிமாறிய பெண் தெருமுனை வரை ஓடி வந்து அதைத் திருப்பிக் கொடுத்தார். விடுதியில் மாமியார் கழிப்பறைச் செருப்போடு சாப்பாட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டார். மகள் சாப்பிடும் குச்சிகள் இரண்டையும் சோற்றில் நட்டு வைத்தாள். பக்கத்து மேசைப் பெரியவர் எழுந்து வந்து அவற்றை மெல்ல எடுத்துப் படுக்க வைத்தார். ஒரு கடைக்காரர் கையை வீசி எங்களை விரட்டினார்; ஏனென்று இன்றும் புரியவில்லை. அப்போது சிரித்தோம். இப்போது நினைத்தால், யார் மனதையாவது புண்படுத்திவிட்டோமோ என்று உறுத்துகிறது. வரும் விடுமுறையில் தாய்லாந்து செல்கிறோம். எப்படித் தயாராவது?

பதில்: முதலில் அந்தக் கடைக்காரரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் உள்ளங்கை தரையைப் பார்த்திருந்ததா, விரல்கள் மேலும் கீழுமாக அசைந்தனவா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அப்படியானால் அவர் உங்களை விரட்டவில்லை. "வாருங்கள்" என்று அழைத்திருக்கிறார். ஜப்பானியக் கடைகளின் வாசலில் ஒரு பாதத்தைத் தூக்கியபடி உட்கார்ந்திருக்கும் பூனைப் பொம்மையைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் கையசைத்து வழியனுப்பவில்லை, வாடிக்கையாளரை உள்ளே கூப்பிடுகிறது. தாய்லாந்திலும் உள்ளங்கையைக் கீழே வைத்துத்தான் அழைப்பார்கள். இந்த முறை திரும்பிப் போய்விடாதீர்கள்.

டிப்ஸ் விஷயத்தில் கவலையே வேண்டாம். ஜப்பானில் உணவகங்களில் அந்த வழக்கம் இல்லை. நீங்கள் பணத்தை மறந்துவிட்டுப் போகிறீர்கள் என்று நினைத்துத்தான் அந்தப் பெண் ஓடி வந்திருப்பார். செருப்புக்கும் அதே பதில்தான். கழிப்பறைக்கென்று தனிச் செருப்பு வைப்பதே வீட்டின் தூய்மையான பகுதியையும் மற்றதையும் பிரித்துக்காட்டத்தான். அதை மாற்ற மறப்பது வெளிநாட்டவர் அடிக்கடி செய்யும் தவறு. விடுதிக்காரர்கள் அதைப் பலமுறை பார்த்திருப்பார்கள்.

குச்சி மட்டும் வேறு வகை. அங்கே இறந்தவருக்குப் படைக்கும் சோற்றுக் கிண்ணத்தில்தான் குச்சிகளை நிறுத்தி வைப்பார்கள். தகனம் முடிந்தபின் உறவினர் எலும்புகளைக் குச்சியால் எடுத்துக் கலசத்தில் இடுவார்கள். ஆகவே ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றுவதும் கூடாது. உங்கள் மகள் அந்தப் பெரியவர் கண்ணெதிரே ஒரு சாவு வீட்டுக் காட்சியைத் தெரியாமல் அமைத்துவிட்டாள். அவர் கோபப்படவில்லை, குழந்தைக்காக அதை அழித்தார். எனக்கு அவரை மிகவும் பிடித்திருக்கிறது. நடந்தது என்ன என்று மகளுக்கு இப்போதாவது சொல்லுங்கள். ஆறு வயதில் அது புரியும்.

இதைப் பிரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெளிநாட்டில் நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை வெறும் வசதிக்கேடு. சில, துக்கத்தையோ வழிபாட்டையோ தொடுபவை. மிகச் சில, சட்டத்தைத் தொடுபவை. தாய்லாந்தில் இந்த மூன்றும் உண்டு. பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதைவிட, எது எந்த வகை என்று தெரிந்திருப்பதுதான் உதவும்.

சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 112ஆவது பிரிவின்படி மன்னரையும் அரசியையும் இழிவுபடுத்தினால் 3 முதல் 15 ஆண்டுகள் வரை சிறை. வெளிநாட்டவருக்கும் விலக்கு இல்லை. அந்நாட்டுப் பணமான பாத்தில் மன்னர் படம் இருக்கிறது என்பதால், காற்றில் பறக்கும் நோட்டையும் உருண்டோடும் காசையும் காலால் மிதித்து நிறுத்தக் கூடாது. 11 வயதுப் பையனின் கால் தானாகவே முந்திக்கொள்ளும். அவனிடம் இதைப் புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள். காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் பூங்காக்களிலும் ரயில் நிலையங்களிலும் தேசிய கீதம் ஒலிக்கும். எல்லோரும் நின்றுவிடுவார்கள், நீங்களும் நில்லுங்கள். இ-சிகரெட்டைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகவே கூடாது, அங்கே அதற்குத் தடை. புத்தர் சிலை வாங்கினால், நாட்டுக்கு வெளியே எடுத்துச்செல்ல அந்நாட்டு நுண்கலைத் துறையின் அனுமதி தேவைப்படும், கடையிலேயே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது உடல். தாய்லாந்தில் தலை உடலின் மிக உயர்ந்த, புனிதமான பகுதி. பாதம் மிகத் தாழ்ந்தது. மகளுக்கு இந்த ஒரு வரி போதும்: யார் தலையையும் தொடாதே, யாரையும் எதையும் காலால் சுட்டாதே. கோயிலில் தரையில் உட்காரும்போது பாதம் புத்தர் சிலையை நோக்கி நீண்டிருக்கக் கூடாது. கால்களை ஒரு பக்கமாகப் பின்னுக்கு மடக்கி உட்காருவார்கள். மாமியாருக்கு முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் உட்கார வேண்டாம், ஓரமாக நின்று பார்த்துவிட்டு வரலாம். வாசற்படியை மிதிக்காமல் தாண்டிச் செல்லச் சொல்லுங்கள். பாங்காக் அரண்மனைக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும்.

பிக்குகளிடம் கவனம் தேவை. பெண்கள் அவர்களைத் தொடக் கூடாது, கையில் நேரடியாக எதையும் கொடுக்கவும் கூடாது. மாமியார் ஏதாவது கொடுக்க விரும்பினால், பிக்கு விரிக்கும் துணியின் மீது வைக்கலாம்; அல்லது உங்கள் கணவர் மூலம் கொடுக்கலாம்.

கைகூப்பும் வணக்கத்துக்கு அங்கே "வாய்" என்று பெயர். இளையவர் முதலில் கூப்ப வேண்டும் என்பது முறை. உங்கள் மகள் எதிர்ப்படும் எல்லோருக்கும் கைகூப்பத் தொடங்குவாள், விட்டுவிடுங்கள், அவர்கள் மகிழ்வார்கள். கடைப் பணியாளர் உங்களுக்குக் கூப்பினால் பெரியவர்களாகிய நீங்கள் புன்னகையோடு தலையசைத்தாலே போதும்.

இத்தனைக்குப் பிறகும் ஏதாவது நடக்கும். அப்போது எதிரில் இருப்பவர் சிரிக்கிறார் என்பதால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தாய்லாந்துக்காரர்கள் சங்கடத்தையும் புன்னகையால் மூடுவார்கள். அந்த இடத்தில் நீங்கள் ஐவரும் சேர்ந்து வெடித்துச் சிரித்தால், தன்னைப் பார்த்துச் சிரிப்பதாக அவர் நினைக்க இடமுண்டு. கைகூப்பி, "கோ தோட்" என்று மன்னிப்புக் கேளுங்கள். பெரும்பாலும் "மாய் பென் ராய்", அதாவது "பரவாயில்லை" என்ற பதில் வரும். சிரிப்பை அறைக்கு எடுத்துப் போங்கள். இரவில் குழந்தைகள் நடித்தே காட்டட்டும். குரலை மட்டும் எங்கும் உயர்த்த வேண்டாம். பொது இடத்தில் கத்துவதை அங்கே மிகக் கேவலமாகக் கருதுகிறார்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுக்கலாம். எந்த வாசலிலும் ஐந்து விநாடி நின்று, முன்னால் போகிறவரின் கால்களைப் பார்த்து, அவர் செருப்பைக் கழற்றினாரா, எங்கே வைத்தார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். பெரியவர்கள் பேச்சு சுவாரசியத்தில் தவறவிடுவதைப் பிள்ளைகள் பிடித்துவிடுவார்கள். கோயில்களிலும் வீடுகளிலும் சில கடைகளிலும்கூடச் செருப்பைக் கழற்ற வேண்டியிருக்கும். ஆகவே மாமியாருக்குக் குனியாமல் கழற்றி மாட்டக்கூடிய காலணியாக ஒன்று வாங்கிவிடுங்கள்.