கணினி கேள்வி–பதில்: டி.என்.எஸ்ஸில் ரூட்டர் இருக்கும் இடம்

எங்கள் ரூட்டர்கள் பல ஊர்களில் இருக்கின்றன. எது எங்கே இருக்கிறது என்பதை, இணையப் பெயர்களுக்கு ஐ.பி. எண் சொல்லும் டி.என்.எஸ்ஸிலேயே எழுதி வைக்க முடியுமா?
– வாசகர், கோவை

முடியும். 1996-ல் வந்த ஆர்.எஃப்.சி. 1876 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் இதற்காகவே எல்.ஓ.சி. என்ற ரெகார்டை (டி.என்.எஸ். பதிவை) தந்திருக்கிறது. ரூட்டரின் பெயருக்கு எதிரே அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், சாதனத்தின் அளவு, கிடைமட்டத் துல்லியம், செங்குத்துத் துல்லியம் என்று இதே வரிசையில் எழுத வேண்டும்.

பலர் சறுக்குவது முதல் எண்ணிலேயே. சென்னையின் அட்சரேகையாக மேப்பில் கிடைத்த 13.0827-ஐ அப்படியே ஒட்டக் கூடாது. டிகிரியில் தசமம் செல்லாது. புள்ளிக்குப் பின்னால் இருப்பதை 60-ஆல் பெருக்குங்கள்: 4.962. அதில் 4 நிமிடம். மிச்சம் 0.962-ஐ மறுபடி 60-ஆல் பெருக்கினால் 57.72 விநாடி. ஆக 13 4 57.72, பக்கத்தில் வடக்குக்கான ‘என்’. தீர்க்கரேகை 80.2707 இதே கணக்கில் 80 16 14.52, கிழக்குக்கான ‘ஈ’.

பைண்ட் என்ற டி.என்.எஸ். சர்வர் மென்பொருளில் இந்தத் தப்பு உடனே கண்ணில் படாது. ரீலோடு செய்யும்போது பழைய ஸோனே (உங்கள் டொமைனின் ரெகார்டுகள் கொண்ட தொகுப்பு) தொடர்ந்து ஓடும். அடுத்த ரீஸ்டார்ட்டில்தான் அந்த ஸோனின் எல்லாப் பெயர்களும் விழும். அதனால் முதலில் ஸோன் ஃபைலைச் சோதிக்கும் நேம்ட்-செக்ஸோன் ஓட்டிப் பாருங்கள், ஸோனின் பதிப்பைக் காட்டும் சீரியல் எண்ணைக் கூட்டுங்கள், பிறகு ரீலோடு. முடிந்ததும், டி.என்.எஸ்ஸிடம் கேட்டுச் சொல்லும் டிக் கட்டளையில் எல்.ஓ.சி. கேட்டுச் சரிபாருங்கள். அந்தப் பெயரில் ஏற்கெனவே சி-நேம் (வேறொரு பெயரைச் சுட்டும் ரெகார்டு) இருந்தால் எல்.ஓ.சி. சேராது.

உயரத்தைக் கடல்மட்டத்திலிருந்து எடுக்காதீர்கள். இங்கே கணக்கு, ஜி.பி.எஸ். பயன்படுத்தும் புவி வடிவ மாதிரியான டபிள்யூ.ஜி.எஸ். 84 நீள்கோளத்திலிருந்து. சென்னையில் கடல்மட்டமே அதற்கு 80 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது; தரைத்தளத்து ரூட்டருக்கு மைனஸ் எண் வருவதுதான் சரி. (மேல் எல்லை 42,849 கிலோமீட்டர். புவிநிலைச் செயற்கைக்கோளுக்கும் ரெகார்டு போடலாம்!)

துல்லியத்தை விட்டுவிட்டால் கிடைமட்டத்துக்கு 10,000 மீட்டர் என்று அதுவே எடுத்துக்கொள்ளும். ஒரு கட்டடத்தைக் காட்ட 30 மீட்டர் போதும்.

இணையதளங்கள் எங்கள் ஐ.பி.யை வேறு ஊரில் காட்டுகின்றன. எல்.ஓ.சி. போட்டால் மாறுமா?
– வாசகர், ஈரோடு

அதை நம்பி உட்கார வேண்டாம். அதற்கு ஜியோஃபீட் வேண்டும் (ஆர்.எஃப்.சி. 8805, 2020). அது ஒரு சாதாரண சி.எஸ்.வி. ஃபைல்தான். வரிக்கு ஒரு ஐ.பி. தொகுதி, காற்புள்ளி இட்டு நாட்டுக் குறியீடு, மாநிலக் குறியீடு, ஊர், கடைசியில் அஞ்சல் குறியீட்டுக்கான இடம் காலி. அதை எச்.டி.டி.பி.எஸ்ஸில் வைத்து, ஆசிய-பசிபிக் பகுதிக்கு ஐ.பி. தொகுதிகளை வழங்கும் ஏப்னிக் போன்ற பதிவகத்தில் உங்கள் ஐ.பி. தொகுதிக்கான பதிவில் அதன் இணைப்பைச் சேருங்கள். ஐ.பி. உங்கள் பெயரில் இல்லாமல் இணைய நிறுவனத்தின் பெயரில் இருந்தால், இதை அவர்கள்தான் செய்ய வேண்டும்.

ரூட்டர் இருக்கும் இடத்தை ஊரறியச் சொல்வது ஆபத்தில்லையா?
– வாசகர், மதுரை

பொது டி.என்.எஸ்ஸில் போட்டால் யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். பைண்டில் தனி ‘வியூ’ (கேட்பவரைப் பொறுத்து வேறு பதில் தரும் ஏற்பாடு) அமைத்து, அலுவலக நெட்வொர்க்குக்கு மட்டும் காட்டுங்கள். வெளியே ஊர் தெரிந்தால் போதுமென்றால், ரூட்டரின் பெயரிலேயே விமான நிலையக் குறியீட்டைச் சேர்க்கலாம் (சென்னைக்கு எம்.ஏ.ஏ.). தரவு செல்லும் வழியைக் காட்டும் ட்ரேஸ்ரூட் பார்ப்பவருக்கு அதுவே போதும்.